பழைய புல்லட்டின் ஹெட்டைச் சீவக் கொடுப்பதற்கு முன்

கோத்தகிரியிலிருந்து நீங்கள் எழுதியதன் சாரம் இது. அப்பாவின் 1978 மாடல் புல்லட் 350 பல மழைக்காலங்களாகக் கொட்டகையில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டலாம் என்று மிதித்துப் பார்த்தால் கிக்கரில் எதிர்ப்பே இல்லை, அதாவது கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) இல்லை. எப்படியோ ஸ்டார்ட் ஆனதும், இன்ஜினுக்கு மூடிபோல மேலே உட்காரும் ஹெட்டும், பிஸ்டன் ஓடும் உருளையான பேரலும் சேரும் இடத்தில் வலப்பக்கம் எண்ணெய் கசிந்தது. கழற்றிப் பார்த்தபோது, இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் ஓரிடத்தில் கருகியிருந்தது. உள்ளூர் மெக்கானிக் ஹெட்டைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, அதன் அடிமுகத்தை அரை மில்லிமீட்டர் சீவி வரச் சொல்கிறார். நண்பரோ வீட்டிலேயே கண்ணாடிமேல் வாட்டர் பேப்பர் வைத்துத் தேய்த்துவிடலாம் என்கிறார். மலையில்தானே ஓட்டப்போகிறோம், சற்று அதிகமாகவே சீவினால் கம்ப்ரஷன் ஏறி இழுவை கூடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு சீவலாம் என்று கேட்டாலும், அதற்கு முந்திய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது: குறை ஹெட்டின் முகத்தில்தான் இருக்கிறதா? அதற்கு விடை தெரிந்த பிறகுதான் மற்றவற்றைப் பேச முடியும்.

நான் ஃபிட்டர் தொழில் படித்தவன். குன்னூரில் பட்டறை வைத்து, பெரும்பாலும் பழைய நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களைத்தான் பார்த்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளக்காமல் அரை மில்லிமீட்டர் என்று யார் சொன்னாலும் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். புல்லட் விஷயத்தில் அந்த அரை மில்லிமீட்டர், கசிவை நிறுத்துவதற்குப் பதிலாகப் புதிய கசிவை உண்டாக்கிவிடக்கூடும். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். நல்ல நிலையிலுள்ள பழைய ஹெட் கிடைப்பது அரிதாகிவரும் காலம் இது. உங்களிடம் இருப்பதில் ஒரு தாள் கனத்துக்குக்கூடக் காரணமில்லாமல் உலோகம் போகக்கூடாது என்பது என் எண்ணம்.

முதலில் அந்தக் 'கம்ப்ரஷன் இல்லை' என்ற பேச்சு. மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்த்து அப்படிச் சொல்லியிருந்தால், எந்த ஊரில் வைத்து எந்த ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டார் என்று கேளுங்கள். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டர் உறிஞ்சும் காற்றே மெலிந்தது என்பதால் கம்ப்ரஷன் கேஜும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும். சென்னையில் 100 காட்டும் இன்ஜின், ஒரு குறையும் இல்லாமலேயே கோத்தகிரியில் 80-ஐ ஒட்டித்தான் காட்டும். ஊட்டியில் இன்னும் சற்றுக் கீழே, 76 அளவில் நிற்கும். சமவெளியில் பழகிய கண்ணுக்கு இது பழுதாகத் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே தேவையில்லாமல் பிரிக்கப்பட்ட இன்ஜின்கள் இந்த மலையில் நிறைய உண்டு. உங்கள் வண்டியில் கருகிய கேஸ்கெட் கண்ணெதிரே இருப்பதால் பழுது உண்மைதான். ஆனால் கிக்கரில் எதிர்ப்பே இல்லாமல் போனதற்கு அது மட்டுமே காரணமா என்பது இன்னும் தெரியாது.

நெடுநாள் நின்ற இன்ஜினில் வால்வுகளையும் ரிங்குகளையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் எதையும் விடாது. இன்ஜின் நின்றபோது எந்த வால்வு திறந்திருந்ததோ, அதன் சீட்டில் துருவும் கரியும் பிடித்திருக்கும். ரிங்குகள் பிஸ்டன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹெட் இப்போது கையில் இருப்பதால் வால்வைச் சோதிப்பது எளிது. ஸ்பார்க் பிளக்கை மாட்டி, ஹெட்டைத் தலைகீழாக வைத்து, எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். சில நிமிடம் கழித்து இன்டேக், எக்ஸாஸ்ட் வழிகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் வால்வு உட்காரவில்லை என்று பொருள். அப்படியானால் ஹெட்டின் முகத்தை எவ்வளவு அழகாகச் சீவினாலும் கிக்கரில் எதிர்ப்பு வராது. ரிங்குகளைக் கையால் அமுக்கிப் பாருங்கள். பள்ளத்தில் தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும். பேரலின் உள்சுவரில் ரிங் நின்ற உயரத்தில் துருவரி விழுந்திருந்தால் போர் செய்ய (துளையைக் கடைந்து சரிசெய்ய) வேண்டிய வேலை தனியாக இருக்கிறது.

அடுத்தது கேஸ்கெட். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே சாட்சி அதுதான், பின்னால் அளப்பதற்கும் அது வேண்டும். சிலிண்டர் துளையிலிருந்து வெளிநோக்கி விசிறிபோலக் கரிக்கோடு போயிருந்தால் எரிந்த வாயு தப்பியிருக்கிறது. கரியே இல்லாமல் எண்ணெய் மட்டும் படிந்திருந்தால், அது புஷ்ராட் (வால்வைத் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலைக் கீழிருந்து தள்ளும் கம்பி) ஓடும் வழியிலிருந்து வந்தது. புல்லட்டில் புஷ்ராட்கள் தனிக் குழாயில் இல்லை. வலப்பக்கத்தில் பேரலின் வார்ப்புக்குள்ளேயே அவற்றுக்கு வழி இருக்கிறது, ராக்கருக்குப் போன எண்ணெய் கீழே திரும்புவதும் அந்த வழியில்தான். அதனால் ஒரே கேஸ்கெட் நெருப்பையும் தடுக்க வேண்டும், எண்ணெயையும் தடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கருகியிருந்தால் வாயு புஷ்ராட் வழிக்குள் புகுந்து கிராங்கேஸை (இன்ஜினின் அடிப்பெட்டியை) ஊதும், அதன் காற்றுப்போக்கியான பிரீதர் குழாயில் எண்ணெய் கொப்பளிக்கும். நீங்கள் சொன்ன வலப்பக்கக் கசிவு இதோடு பொருந்துகிறது. கருகிய இடம் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதாததால் உறுதியாகச் சொல்லவில்லை.

இனிச் சுத்தம் செய்து அளப்பது. வால்வு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டுத்தான் ஹெட்டில் கைவைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் கேஸ்கெட் துணுக்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிளாஸ்டிக் அல்லது மூங்கில் சீவல்களால் தள்ளி எடுங்கள். டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ் அலுமினியத்தை நொடியில் குழிவாக்கிவிடும். பிறகு ஸ்டட் (ஹெட்டைப் பிடித்து நிற்கும் மரைக்கம்பி) துளைகளைச் சுற்றி விரல் நுனியால் தடவிப் பாருங்கள். யாரோ எப்போதோ அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால், பேரல் பக்கத்தில் ஸ்டட் மரையைச் சுற்றி உலோகம் மேலே இழுபட்டுச் சிறு மேடாக நிற்கும். ஹெட்டை அந்த மேடுதான் தூக்கிப் பிடித்திருக்கும். துளையின் விளிம்பை லேசாகச் சரித்துவிட்டால் போதும், ஹெட்டில் ஒரு துகளும் போகாமல் வேலை முடிந்துவிடும். ஹெட் கோணியிருக்கிறது என்று என்னிடம் வந்தவற்றில் பலவற்றுக்கு இந்த மேடுதான் காரணமாக இருந்தது. பேரலின் மேல்முகத்தையும் ஹெட்டுக்குச் சமமாகச் சோதியுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

நேர்த்தியான விளிம்புள்ள எஃகுச் சட்டம் ஒன்றும் ஃபீலர் கேஜும் (கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண ஸ்கேல் போதாது. ஃபிட்டர் வைத்திருக்கும் மட்டச்சட்டம் அல்லது நல்ல டிரை ஸ்கொயரின் அலகு பயன்படும். சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைகிறதா என்று பாருங்கள். எங்கேயும் நுழையவில்லை என்றால் அந்த முகம் தட்டையானது. அதைச் சீவ ஒரு காரணமும் இல்லை, கறையைத் துடைத்துப் புதிய கேஸ்கெட் போட்டுப் பூட்டலாம். 0.05 நுழைகிறது, 0.10 நுழையவில்லை என்றால் கையால் தேய்த்தே சரிசெய்யலாம். 0.10 தகடும் தாராளமாகப் போனால்தான் மெஷின் வேலையை யோசிப்பேன். கையேட்டில் உள்ள எண்கள் அல்ல இவை. இந்த அளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் ஹெட்டுக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லைகள்.

இதோடு வெடிப்பையும் பார்த்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக் துளைக்கும் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் நடுவே உள்ள குறுகிய பாலம்தான் அதிகச் சூடு வாங்கும் இடம். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே தங்கிய மண்ணெண்ணெய் மெல்லிய கோடாகப் பொடியில் ஊறி வரும். முடியிழை அளவு வெடிப்பு இதில் தப்பிவிடக்கூடும். சந்தேகம் தீரவில்லை என்றால் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் அடித்துப் பார்க்கும் பட்டறைக்குக் கொடுங்கள். வெடித்த ஹெட்டைச் சீவிப் பயனில்லை.

இப்போது புல்லட்டுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். அரை மில்லிமீட்டர் என்றதும் நான் பதறியதற்குக் காரணமும் இதுதான். வார்ப்பிரும்புப் பேரல் கொண்ட பழைய புல்லட்டில் இரண்டு தட்டை முகங்கள் வெறுமனே ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதில்லை. பேரலின் துளையைச் சுற்றி ஒரு வளைய உதடு மேலே எழுந்து நிற்கிறது. ஹெட்டில் அது நுழைவதற்கு வட்டப் பள்ளம் ஒன்று இருக்கிறது. கேஸ்கெட் உட்காருவது உதட்டுக்கு வெளியே உள்ள முகத்தில். இதை உங்கள் வண்டியில் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகளில் பல கைகள் மாறியிருக்கும், யாராவது உதட்டையே கடைந்து எடுத்திருந்தாலும் வியப்பதற்கில்லை.

இந்த அமைப்பில் மூன்று அளவுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன: ஹெட்டில் உள்ள பள்ளத்தின் ஆழம், பேரலில் உள்ள உதட்டின் உயரம், அமுங்கிய நிலையில் கேஸ்கெட்டின் கனம். பள்ளத்தின் ஆழத்தோடு கேஸ்கெட்டின் கனத்தைக் கூட்டி, அதிலிருந்து உதட்டின் உயரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உதட்டின் தலைக்கும் பள்ளத்தின் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி. அது பெரிதாக இருந்தால் நெருப்பு அந்தச் சந்து வழியாகப் போய்க் கேஸ்கெட்டின் உள்விளிம்பைச் சுட்டுக்கொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் கருக்கிவிடும். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் உதடு முதலில் முட்டிக்கொள்ளும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் வெளிமுகத்தில் கேஸ்கெட் அமுங்காது, புஷ்ராட் வழியிலிருந்து எண்ணெய் தாராளமாக வெளியேறும். நான் பூட்டும்போது பூஜ்யத்துக்கும் 0.05 மில்லிமீட்டருக்கும் நடுவே நிற்கும்படி பார்த்துக்கொள்வேன்.

இனி அந்த அரை மில்லிமீட்டரை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். லேத்காரர் வெளிமுகத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் எடுத்தால் பள்ளத்தின் ஆழம் அதே அளவு குறைகிறது. இடைவெளி 0.05-ஆக இருந்த இணைப்பில் உதடு இப்போது 0.45 மில்லிமீட்டர் முன்னதாகவே முட்டும். கசிவை நிறுத்தச் செய்த வேலையே கசிவை நிரந்தரமாக்கிவிடும். வெளிமுகத்தை எடுக்கும் அளவு பள்ளத்தின் தரையையும் அதே பிடிப்பில் எடுத்தால்தான் இடைவெளி மாறாமல் இருக்கும். லாரி, டிராக்டர் ஹெட்களைச் சீவிப் பழகிய கைக்கு இந்தப் பள்ளம் வெறும் பள்ளமாகத்தான் தெரியும். சொல்லிக் கொடுக்காமல் விட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. உங்கள் கேஸ்கெட் கருகியதற்கு இடைவெளி பெரிதாக இருந்ததே காரணம் என்றால், வெளிமுகத்தில் சிறிதளவு எடுப்பது மருந்தாகவும் அமையலாம். இரண்டில் எது என்பதை அளவுகள் மட்டுமே சொல்லும். பள்ளத்தையும் உதட்டையும் டெப்த் மைக்ரோமீட்டரால் நான்கு இடங்களில் அளக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் 0.02 மில்லிமீட்டர் காட்டும் வெர்னியரின் ஆழக்கம்பி போதும். கேஸ்கெட்டின் கனத்துக்குப் பழைய கேஸ்கெட்டில் கருகாத இடத்தை மைக்ரோமீட்டரில் பிடியுங்கள். அது ஏற்கெனவே அமுங்கியது என்பதால் புதியதை அளப்பதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

கண்ணாடிமேல் தேய்ப்பதைப் பற்றி. உங்கள் நண்பர் சொன்னது தவறில்லை. 0.10 மில்லிமீட்டருக்குள் கோணல் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். 10 அல்லது 12 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி வேண்டும். ஜன்னல் கண்ணாடி கைப்பளுவுக்கு வளையும். மேசையின் மேற்பரப்பு அசையாமல், கண்ணாடி முழுவதும் தாங்கப்பட்டிருக்க வேண்டும். 320 எண் வாட்டர் பேப்பரை மண்ணெண்ணெயில் நனைத்து, சுருக்கமில்லாமல் விரித்து ஒட்டுங்கள். ஹெட்டின் முகத்தில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். ஹெட்டை இரண்டு கையாலும் முகத்துக்கு எவ்வளவு தாழ்வாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் பிடித்து, அதன் எடையே அழுத்தும்படி விட்டு, எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோல நகர்த்துங்கள். சில சுற்றுக்கு ஒருமுறை ஹெட்டைக் கால் வட்டம் திருப்புங்கள். மேலே உயரமாகப் பிடித்து அமுக்கினால் ஒவ்வொரு தள்ளலிலும் ஹெட் முன்னும் பின்னும் சாயும். ஓரங்கள் அதிகம் தேய்ந்து, அடுப்பில் ஆடும் பழைய தோசைக்கல் மாதிரி நடு மேடாகிவிடும். தேய்க்காமல் விட்டதைவிட அது மோசம். தாளில் அலுமினியம் அடைத்துக்கொண்டால் மண்ணெண்ணெயால் கழுவுங்கள், வெட்டு மழுங்கினால் தாளை மாற்றுங்கள்.

மார்க்கர் கோடு எங்கே முதலில் மறைகிறதோ அங்கே மேடு, கடைசியில் மறையும் இடம் பள்ளம். கோடு முழுவதும் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். பார்க்க இன்னும் நன்றாக இருக்கட்டும் என்று தொடர வேண்டாம். 400 எண் தாளில் சில சுற்று போட்டு முடித்தால் போதும். கண்ணாடிபோல மின்ன வேண்டிய அவசியமில்லை, கலவைப் பொருளால் ஆன கேஸ்கெட்டுக்குச் சற்றுச் சொரசொரப்பு இருப்பதே நல்லது. நின்ற வண்டியில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துச் சிறு குழிகள் விட்டிருக்கும். வெளியோரத்தில் உள்ள குழியைப் போக்க முழு முகத்தையும் குறைக்காதீர்கள். துளைக்கும் புஷ்ராட் வழிக்கும் நடுவே, அல்லது புஷ்ராட் வழிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே குறுக்கே ஓடும் குழிதான் கணக்கில் வரும். தேய்த்து முடித்ததும் ஆழத்தைத் திரும்ப அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வெளிமுகத்தைத்தான் தொடும், பள்ளத்தின் தரையைத் தொடாது. அதைச் சரிசெய்ய ஹெட்டைப் பேரலோடு சேர்த்து லேப் செய்வார்கள். பேரலை இன்ஜினிலிருந்து கழற்றி, ஸ்டட்கள் குறுக்கே நின்றால் எடுத்துவிட்டு, கேஸ்கெட் இல்லாமல் உதட்டின் தலையில் மட்டும் வால்வுக்குப் பூசும் கிரைண்டிங் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி, ஹெட்டைக் கவிழ்த்து, இப்படியும் அப்படியும் திருப்பித் தேய்க்க வேண்டும். உதட்டின் தலையிலும் பள்ளத்தின் தரையிலும் இடைவிடாத சாம்பல் நிற வளையம் விழுந்துவிட்டால் இரண்டும் முழுதாகத் தொடுகின்றன. வளையம் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால், அநேகமாகக் கேஸ்கெட் கருகிய இடமும் அதுவாகவே இருக்கும். இந்தப் பேஸ்ட்டின் துகள் அலுமினியத்தில் பதிந்துகொள்ளும் தன்மை உடையது, எண்ணெயில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். வெந்நீரும் சோப்பும் பிரஷும் கொண்டு, விரலில் தேய்த்தால் நறநறப்பு இல்லாத வரை கழுவுங்கள். ஸ்டட் மரைகளையும் எண்ணெய் வழிகளையும் காற்றடித்து ஊதுங்கள். வார்ப்பிரும்புப் பேரலைக் கழுவிய கையோடு துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் அது ஒரு மணி நேரத்தில் சிவந்துவிடும்.

மெஷினுக்குத்தான் போக வேண்டும் என்று அளவுகள் சொன்னால் கோயம்புத்தூரில் நல்ல கைகளுக்குக் குறைவில்லை. ஹெட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பேரலும் பழைய கேஸ்கெட்டும் எழுதிய அளவுகளும் கூடவே போகட்டும். இந்த ஹெட்டின் மேல்பக்கம் ராக்கர் அறைகளோடு மேடு பள்ளமாக இருப்பதால் அதை அடித்தளமாக வைத்துப் பிடித்தால் முகம் சாய்வாக வெட்டுப்படும். மூன்று இடங்களில் தாங்கி, பள்ளத்தின் தரையில் டயல் கேஜை ஓடவிட்டு மட்டம் பார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்று கேளுங்கள். ஒரு வெட்டுக்கு 0.05 மில்லிமீட்டர், முகம் தெளிந்ததும் நிறுத்த வேண்டும், முகமும் பள்ளமும் ஒரே பிடிப்பில் முடிய வேண்டும். இவற்றைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். பொறுமையாகக் கேட்டு, திருப்பிக் கேள்வி கேட்பவர் கிடைத்தால் அவர் சொல்லும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

இழுவை பற்றிய கேள்விக்கு வருகிறேன். 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஆக 346 சிசி. கம்ப்ரஷன் விகிதத்தை 6.5:1 என்று எடுத்துக்கொண்டால் மேலே மிஞ்சும் எரியறைக் கொள்ளளவு சுமார் 63 சிசி. ஹெட் முழுவதும் அரை மில்லிமீட்டர் கீழே வந்தால் அதில் 1.9 சிசி குறையும், விகிதம் 6.67 அளவுக்குப் போகும். ஏட்டுக் கணக்கில் இதனால் கிடைக்கும் பலன் நூற்றுக்கு ஒன்று. மலை உயரம் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வதோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சீவி அதை ஈடுகட்ட முடியாது. கால் மில்லிமீட்டர் போய்விட்டால் இன்ஜின் கெட்டுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் அதுவும் உண்மையில்லை, விகிதம் 0.1 அளவுகூட உயராது. இந்த இன்ஜினில் சீவுவதன் ஆபத்து கம்ப்ரஷனில் இல்லை, உதடும் பள்ளமும் பிசகுவதில்தான் இருக்கிறது. இழுவை வேண்டுமானால் கார்புரேட்டரைக் கவனியுங்கள். மெலிந்த காற்றில் சமவெளிக்கு வைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும், பிளக் கறுத்து வண்டி மந்தமாகும். ஆனால் மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கடி இறங்குபவர் என்றால் மிகச் சிறிய ஜெட்டைப் போட்டுவிடாதீர்கள். கீழே காற்று அடர்ந்ததும் கலவை வறண்டு இன்ஜின் சூடேறும். ஹெட் கோணுவதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம்.

கைதேர்ந்தவர்களே ஒத்துப்போகாத விஷயங்களும் உண்டு. செம்புக் கேஸ்கெட்டா, கலவைக் கேஸ்கெட்டா என்பது அவற்றில் ஒன்று. முகங்கள் நன்றாக அமைந்தால் செம்பு நெடுநாள் உழைக்கும், மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மென்மையாகித் திரும்பவும் பயன்படும். முகத்தில் சிறு குழிகள் மிஞ்சியிருந்தால் கலவைதான் மன்னிக்கும். உங்கள் ஹெட் பல ஆண்டு ஈரத்தில் இருந்தது என்பதால் நான் கலவையைத் தேர்ந்தெடுப்பேன், செம்பைத் தேர்ந்தெடுப்பவர் தவறு செய்கிறார் என்று சொல்லமாட்டேன். ஹெட் கேஸ்கெட்டில் சிலிக்கான் பசை பூசுவதில் மட்டும் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நெருப்புப் பக்கம் அது தாங்காது, பிதுங்கி உள்ளே விழுந்த துணுக்கு எண்ணெய் வழியை அடைக்கும். இவையெல்லாம் ஹெட்டைத் தொட்டுப் பார்க்காமல், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருகியதற்குக் காரணம் கோணலா, இடைவெளியா, தளர்ந்த ஸ்டட்டா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது.

பூட்டும்போது மரைகள் சுத்தமாக, லேசாக எண்ணெய் கண்டிருக்க வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, மூன்று நான்கு சுற்றில், கையேட்டில் உள்ள அளவுவரை, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் ஏற்றுங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும். குளிரில் கூடுதலாக முறுக்கியது சூட்டில் இன்னும் இறுகி மரையைப் பிய்க்கும். ஹெட் சற்று இறங்கியிருப்பதால் புஷ்ராட்களின் கீழ்முனையில் உள்ள திருகைத் திரும்ப வைக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில், இரண்டு வால்வும் மூடிய நிலையில், புஷ்ராட் மேலும் கீழும் ஆடாமல், ஆனால் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் காலை நட்டுகளைத் திரும்ப முறுக்கிப் புஷ்ராட்களையும் சரிபாருங்கள். சூடாக இருக்கும்போது நட்டைத் தொடக்கூடாது. பிறகும் கசிவதுபோலத் தெரிந்தால் இணைப்பைச் சுற்றித் துடைத்து முகப்பவுடரைத் தூவிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ராக்கர் மூடியிலிருந்து வழிந்து வருவதும் ஹெட் இணைப்பிலிருந்து வருவதும் பவுடரில் தனித்தனியாகத் தெரியும்.

பள்ளம், உதடு, கேஸ்கெட் மூன்றின் அளவுகளையும், கருகிய இடம் எந்தப் பக்கம் என்பதையும், மண்ணெண்ணெய் சோதனையில் எந்த வால்வு ஒழுகியது என்பதையும் எழுதுங்கள். கண்ணாடியா, லேத்தா, அல்லது இரண்டுமே வேண்டாமா என்பதை அப்போது தயக்கமில்லாமல் சொல்கிறேன்.